திறக்காத கோப்புக்குள் ஒரு கல்யாணம்

கிண்ணியாவில் கல்யாணக் காலம் வந்துவிட்டால் ஸ்டூடியோக்காரர்களுக்கு உறக்கம் இல்லை. ஒரு வீட்டில் நிக்காஹ், இன்னொரு வீட்டில் விருந்து, பின்னேரமானதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பாலத்தடிக்கு அழைத்துப்போய் வெளிப்புறப் படங்கள். முன்பு ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிக் கடந்த நீர்ப்பரப்பின் மேல் 396 மீற்றர் நீளத்துக்கு அந்தப் பாலம் நிற்கிறது. 2009 ஒக்டோபரில் அது திறக்கப்பட்டதிலிருந்து, கடலும் அந்தி வெயிலும் பின்னணியில் வேண்டுமென்று கேட்கும் எல்லோருக்கும் அதுவே இடம்.

இப்படி ஒரு கல்யாணத்தைப் புதிதாக வாங்கிய கமராவில் பிடித்து முடித்த பிறகுதான் புதிர் தொடங்குகிறது. கமராவின் பின்திரையில் படம் தெளிவாகத் தெரிகிறது. நினைவக அட்டையைக் கணினியில் செருகினால், சில வேளை கோப்புறையிலும் ஒவ்வொரு படமும் சின்னதாகத் தெரிகிறது. போட்டோஷொப்பில் திறக்கப் போனால் மட்டும் “இது சரியான வகைக் கோப்பு அல்ல” என்கிற மாதிரி ஒரு செய்தி வந்து நிற்கிறது. பத்து வருடத்துக்கு முன் பழைய கமராவில் எடுத்த படங்களை அதே கணினி, அதே மென்பொருள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறக்கின்றன. கோப்பு பழுதாகவில்லை, அட்டையும் பழுதாகவில்லை. பின் எது குறைகிறது?

மென்பொருளைப் புதுப்பித்தால் தீர்ந்தது என்று சொல்வது எளிது. போட்டோஷொப்பை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடிந்த கடைசிப் பதிப்பு, 2012இல் வந்த சி.எஸ்.6. அடுத்த வருடமே அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறிவிட்டது. சி.எஸ்.6க்குப் புதிய கமராக்களை அறிமுகப்படுத்தும் இற்றைப்படுத்தல்கள் 2015உடன் நின்றன. ஒரே தடவை வாங்கக்கூடிய, அடோபியின் இன்னொரு படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6க்கு 2017 டிசம்பருடன் நின்றன. சந்தாவின் விலையோ டொலர்க் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாயைத் தொட்ட நாடு இது. கமரா தொழிலுக்குத் தேவை என்று எப்படியோ வாங்கிவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை மாற்ற மனம் வராது, கையில் காசும் இராது. ஆகவே புதிய கமராவும் பழைய மென்பொருளும் ஒரே மேசையில் சந்திப்பது நம் ஊர்களில் வழக்கமான காட்சி.

மூலக்கோப்பில் இருப்பது என்ன?

ஸ்டூடியோக்களில் “ரோ” என்று சொல்லும் கோப்பை இங்கே மூலக்கோப்பு என்போம். அதைப் ‘பெரிய ஜேபெக்’ என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது இன்னும் படமாகாத அளவீடுகளின் தொகுப்பு.

கமராவுக்குள் இருக்கும் ஒளியுணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியை மின்னேற்றமாக மாற்றுகிறது. அந்த மின்னேற்றத்தைக் கமரா அளந்து ஓர் எண்ணாகப் பதிகிறது. இந்த அளவீட்டுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி என்பது மட்டும்தான் தெரியும். நிறத்தைப் பிடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் அதைத் தந்தார். காப்புரிமை பெற்ற வருடம் 1976. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற வடிகட்டியை வைப்பது அவரது வழி. நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை உணர்வதில் பச்சைக்குப் பங்கு அதிகம் என்பதால் அதற்கு இரட்டை இடம்.

2 கோடியே 40 இலட்சம் படப்புள்ளிகள் உள்ள கமராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் பச்சையை மட்டும் அளக்கின்றன. 60 இலட்சம் சிவப்பை, 60 இலட்சம் நீலத்தை. முடிந்த படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற எண்கள் வேண்டும். கையில் இருப்பதோ ஒன்றுதான். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அதாவது நாம் பார்க்கும் பெரும்பாலான டிஜிட்டல் படங்களில் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டு நிரப்பியது. இந்த வேலையை நிறநிரப்பல் எனலாம்.

ஜேபெக்கில் படம் பிடித்தால் இந்தக் கணக்கையெல்லாம் கமராவே அந்தக் கணத்தில் முடித்துவிடும். நிறத்தை நிரப்பி, வெளிச்சத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து, 12 அல்லது 14 பிட்டில் அளந்ததை 8 பிட்டுக்குக் குறைத்து, சுருக்கிக் கட்டி, அளந்த எண்களைத் தூக்கியெறிந்துவிடும். 14 பிட் என்றால் 16,384 படிகள். 8 பிட் என்றால் 256 படிகள். கல்யாணப் பெண்ணின் வெள்ளைச் சேலையில் உள்ள வேலைப்பாடும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டின் மடிப்பும் ஒரே படத்தில் வேண்டுமானால், பிற்பாடு ஏற்றி இறக்க இந்தக் கூடுதல் படிகள் உதவும். அதனால்தான் தொழில் செய்பவர்கள் மூலக்கோப்பை விடுவதில்லை.

புதிரின் ஒரு பாதி இங்கேயே அவிழ்கிறது. மூலக்கோப்பைப் பதியும்போது, பார்வைக்காக ஒரு ஜேபெக் படத்தையும் கமரா அதே கோப்புக்குள் வைத்துவிடுகிறது. பின்திரையில் தெரிவதும் கோப்புறையில் சின்னதாகத் தெரிவதும் அந்த ஜேபெக்தான். அதைப் படிப்பதற்கு ஒளியுணரியைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. போட்டோஷொப் தேடுவது அதையல்ல, அளந்த எண்களை.

மரைக்கால் எவ்வளவு கொள்ளும்?

எண்கள்தானே, படித்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கிழக்கில் நெல்லை மரைக்காலால் அளந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் “40 மரைக்கால்” என்று எழுதியிருக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது, எண்ணும் புரிகிறது. ஆனால் அந்த வீட்டு மரைக்கால் எவ்வளவு கொள்ளும் என்பது தெரியாவிட்டால் எத்தனை மூடை நெல் என்று சொல்ல முடியாது. தலைதட்டி அளந்தார்களா, கும்பமாக அளந்தார்களா, அளக்கத் தொடங்கும்போது பாத்திரத்தின் அடியில் பழைய நெல் கிடந்ததா என்பதும் கொப்பியில் இல்லை. எழுதியவருக்கு அதெல்லாம் தெரியும் என்பதால் எழுதவில்லை.

மூலக்கோப்பும் இந்தக் கொப்பியைப் போன்றது. எண்கள் அதில் இருக்கின்றன. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பது ஒவ்வொரு கமரா மாதிரிக்கும் வேறு வேறு. அதை முழுவதும் கோப்பிலேயே எழுதிவைக்கும் பழக்கம் பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் இல்லை. மென்பொருள் அதைத் தன்னிடமுள்ள அட்டவணையில் தேடுகிறது. முதலில் கோப்பிலிருந்து கமரா மாதிரியின் பெயரைப் படிக்கும். பிறகு அந்தப் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் அளவுக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளும். 2015இல் இறுதியாகத் திருத்திய அட்டவணையில் 2020இல் பிறந்த கமராவின் பெயர் எப்படி இருக்கும்? பழைய கோப்புகளைப் புதிய மென்பொருள் திறப்பதும், புதிய கோப்புகளைப் பழைய மென்பொருள் திறக்காததும் இந்தக் காரணத்தால்தான்.

அந்த அட்டவணையில் அப்படி என்னதான் இருக்கிறது? முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

மூடியைப் போட்டே ஒரு படம்

முதலாவது கருமட்டம். கமராவின் வில்லை மூடியைக் கழற்றாமல் ஒரு படம் எடுங்கள். ஒளியே இல்லை, ஆகவே எல்லா எண்களும் 0 ஆக இருக்கவேண்டும். மூலக்கோப்பின் எண்களை அப்படியே காட்டும் ரோடிஜர் போன்ற மென்பொருளில் திறந்தால் வேறு கதை தெரியும். சொனியின் பல 14 பிட் கமராக்களில் எண்கள் 512ஐச் சுற்றி நிற்கும். கெனனின் பலவற்றில் 2048ஐச் சுற்றி நிற்கும். நிக்கோனின் பழைய மாதிரிகள் பலவற்றில் 0. மின்சுற்றில் எப்போதும் சிறு இரைச்சல் உண்டு. அது எண்ணைக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் ஆட்டும். தொடக்கப் புள்ளியை 0இல் வைத்தால் கீழ்நோக்கிய ஆட்டம் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே தொடக்கத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறார்கள். மரைக்காலின் அடியில் ஏற்கெனவே கிடக்கும் நெல் இதுதான். அளந்து முடிந்ததும் அதைக் கழிக்கவேண்டும்.

கழிக்கவேண்டும் என்பதற்கு ஆதாரம் தேடி ஆய்வுகூடம் போகவேண்டியதில்லை. அசையாத ஒரு பொருளை, மாறாத வெளிச்சத்தில், நூறில் ஒரு செக்கன் வேகத்தில் ஒரு தடவையும் ஐம்பதில் ஒரு செக்கன் வேகத்தில் இன்னொரு தடவையும் படம் பிடியுங்கள். இரண்டாவதில் ஒளி இருமடங்கு. ஒளியுணரி நேர்விகிதத்தில் அளப்பது. ஆகவே எண்ணும் இருமடங்காகவேண்டும். ஆனால் கோப்பில் முதலாவது 1512 என்றும் இரண்டாவது 2512 என்றும் இருந்தால் அது இருமடங்கு அல்ல. இரண்டிலும் 512ஐக் கழித்துப் பாருங்கள்: 1000, 2000. கணக்குச் சரியாக வந்துவிட்டது. தொடக்கப் புள்ளி 512 என்பதைக் கமராவே ஒப்புக்கொண்ட மாதிரி.

இதைக் கழிக்காமல் விட்டால் என்ன கெட்டுப்போகும்? பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கு, பச்சையைவிடக் குறைவாகப் பதிவாகும் சிவப்பையும் நீலத்தையும் மென்பொருள் பெருக்கிக்கொள்ளும்; வெண்சமநிலை என்பது இதுதான். சிவப்பை 2 மடங்கு, நீலத்தை 1.5 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலான இடத்தில் கழிபடாமல் கிடந்த 512, சிவப்பில் 1024 ஆகவும் நீலத்தில் 768 ஆகவும் ஆகிவிடும். பச்சையில் 512ஆகவே நிற்கும். கறுப்பாக இருக்கவேண்டிய நிழல், சிவப்பும் நீலமும் கலந்த கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். ஒரு படத்தின் நிழல் முழுக்க இப்படி நிறம் ஏறியிருந்தால் கருமட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது வெண்மட்டம், ஒளியுணரி நிரம்பி வழியும் எல்லை. 14 பிட் கமரா என்றால் 16,383 வரை எண் போகவேண்டும். ஆனால் 15,000லேயே நிரம்பிவிடும் கமராக்கள் உண்டு. அதை அறியாத மென்பொருள், அந்த 15,000ஐ இன்னும் நிரம்பாத வெளிச்சம் என்று நினைக்கும். மூன்று நிறமும் 15,000இல் நின்றுவிட்ட இடத்தில் சிவப்பும் நீலமும் பெருக்கப்பட்டு எல்லையைத் தொடும், பச்சை மட்டும் எல்லைக்குக் கீழே நின்றுவிடும். விளைவு: வெயில் பட்ட வெள்ளைச் சேலையில் இளஞ்சிவப்புத் திட்டுகள்.

நிறத்துக்கு ஓர் அட்டவணை

மூன்றாவது நிறமாற்று அட்டவணை. ஒரு கமராவின் சிவப்பு வடிகட்டி விடும் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒன்றல்ல. எதுவும் மனிதக் கண்ணின் உணர்வோடு அச்சாகப் பொருந்துவதும் இல்லை. ஆகவே இந்தக் கமரா இப்படி அளந்தால் கண் அதை இந்த நிறமாகக் காணும் என்று மாற்றித் தரும் ஒன்பது எண்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் தேவை.

இந்த எண்களை யாரும் ஊகித்து எழுதுவதில்லை. 24 நிறக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை 1976 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. தோல் நிறம், இலைப் பச்சை, வான நீலம், சாம்பலின் பல படிகள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு கட்டமும் ஒளியை எவ்வளவு திருப்பியனுப்புகிறது என்பது கருவியால் அளந்து அறியப்பட்டது. அந்த அட்டையைப் புதிய கமராவால் படம் பிடித்து, கமரா தந்த எண்களையும் தெரிந்த நிறங்களையும் ஒப்பிட்டால் ஒன்பது எண்களும் கணக்கில் வந்துவிடும். மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்துக்கு ஒன்று, பகல் வெளிச்சத்துக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணைகள் தயாரிப்பது வழக்கம். இடைப்பட்ட வெளிச்சங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் கணக்கிட்டுக்கொள்வார்கள். கல்யாண மண்டப விளக்கில் பெண்ணின் நகை பொன்னாகவே தெரிவதற்கும் பித்தளையாகத் தெரிவதற்கும் இடையில் நிற்பவை இந்த எண்கள். புதிய கமரா சந்தைக்கு வந்த பிறகும் மென்பொருள்கள் அதை ஏற்பதற்குச் சில வாரங்கள் எடுப்பது ஏன் என்பதும் இப்போது விளங்கும். யாராவது அந்தக் கமராவைக் கையில் எடுத்து அளக்கவேண்டும்.

திறக்காததிலும் மூன்று வகை

பெயர் அட்டவணையில் இல்லை என்பது தடைகளில் மிக எளியது. அது மட்டுமே தடையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பில் ஹார்வி என்பவர் 2003 முதல் எழுதிப் பராமரித்துவரும் எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால், கோப்பின் ஒரு பிரதியில் கமரா மாதிரியின் பெயரை மட்டும் மாற்றி, அதே நிறுவனத்தின் முந்தைய மாதிரியின் பெயரை எழுதலாம். இரண்டு கமராக்களிலும் ஒரே ஒளியுணரி, ஒரே பதிவு முறை என்றால், சற்று முன்வரை மறுத்த மென்பொருள் அந்தப் பிரதியைத் திறந்துவிடும். உள்ளே ஓர் எண்கூட மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. எண்களைப் படிக்க மென்பொருளால் முன்பே முடிந்திருந்தது, அளவுக் குறிப்புத்தான் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். ஆனால் இது சோதனைக்குச் சரி, தொழிலுக்குச் சரிவராது. ஒளியுணரி சற்றே வேறுபட்டாலும் மேலே சொன்ன கத்தரிப்பூ நிழலும் இளஞ்சிவப்புத் திட்டும் எட்டிப்பார்க்கும். மூலப்பிரதியில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது தடை, எண்களைச் சுருக்கிக் கட்டும் முறை மாறிவிடுவது. 2021இல் வந்த நிக்கோன் இசட் 9 கமரா, கோப்பின் அளவைக் குறைப்பதற்காக முற்றிலும் புதிய சுருக்க முறை ஒன்றைத் தெரிவாகத் தந்தது. அதை அவிழ்க்கத் தெரியாத மென்பொருளுக்கு எண்களே கைக்கு எட்டாது. பெயரை மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது, கோப்பின் கட்டமைப்பே மாறிவிடுவது. ஆல்டஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட டிஃப் என்ற படக்கோப்பு வடிவத்தின் அமைப்பைப் பின்பற்றித்தான் கெனனின் சி.ஆர்.2, நிக்கோனின் என்.ஈ.எஃப், சொனியின் ஏ.ஆர்.டபிள்யூ எல்லாம் எழுதப்பட்டன. எந்தத் தகவல் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும். கோப்பின் முதல் சில பைட்டுகளில் 42 என்ற அடையாள எண்ணும் இருக்கும். 2018இல் எம்50 கமராவோடு கெனன் கொண்டுவந்த சி.ஆர்.3 வடிவத்தில் அந்த 42 இல்லை. அது வீடியோவுக்கான எம்.பி.4 கோப்புகளின் அமைப்பில் எழுதப்பட்டது. படக்கோப்பின் பட்டியலைத் தேடிப் போன பழைய மென்பொருள், வாசலிலேயே திரும்பிவிடும். “சரியான வகைக் கோப்பு அல்ல” என்ற செய்தி இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

வெளியாட்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தயாரிப்பாளர் வாய்திறக்காவிட்டாலும் எண்களின் பொருளைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியவர் டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர். 1997இல் அவர் எழுதத் தொடங்கிய டிசிரோ என்ற சிறு நிரல், ஒரே கோப்பில் அடங்கியது, எல்லோருக்கும் திறந்தது. அதை 2018 வரை பராமரித்தார்; நூற்றுக்கணக்கான கமராக்களின் மூலக்கோப்புகளை அது படித்தது.

இந்தத் துறையில் இருப்பவர்களின் வழிமுறை அறிவியலின் வழிமுறைதான். தெரிந்த ஒன்றைக் கமராவுக்குக் காட்டு, கோப்பில் எது மாறுகிறது என்று பார். மூடியோடு எடுத்த படம் கருமட்டத்தைச் சொல்லும். சூரிய வெளிச்சத்தில் வெளிறச்செய்த படம் வெண்மட்டத்தைச் சொல்லும். வெண்சமநிலைப் பொத்தானை மட்டும் மாற்றி இரண்டு படம் எடுத்தால், இரண்டு கோப்புகளிலும் வேறுபடும் பைட்டுகளில் அந்த அமைப்பு ஒளிந்திருக்கும்.

2005இல் நிக்கோன் தனது டி2எக்ஸ் கமராவில் வெண்சமநிலைத் தகவலை மறைகுறியாக்கி எழுதியது வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. போட்டோஷொப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தோமஸ் நோல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். படம் பிடித்தவரின் தகவலைப் படம் பிடித்தவரிடமிருந்தே மறைப்பதா என்பது கேள்வி. காஃபின் அந்த மறைப்பை விரைவிலேயே அவிழ்த்துவிட்டார். சி.ஆர்.3 வந்தபோதும் லோரன் கிளெவி போன்ற ஆர்வலர்கள் அதன் அமைப்பை ஆராய்ந்து எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தார்கள். டிசிரோவின் வழிவந்த லிப்ரோ என்ற நிரல்தொகுதி 2020இலும், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் 2021 டிசம்பரிலும் சி.ஆர்.3ஐத் திறக்கத் தொடங்கின.

குறிப்பைக் கோப்போடு சேர்த்துவிட்டால்?

ஒவ்வொரு கமராவுக்கும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே அட்டவணை வைத்திருப்பதுதான் சிக்கல் என்றால், அந்தக் குறிப்புகளை எண்களோடு சேர்த்து ஒரே கோப்பில் எழுதிவிடலாமே? கொப்பியின் முதற்பக்கத்தில் மரைக்காலின் கொள்ளளவையும் எழுதிவிடுவது போல. 2004 செப்டெம்பரில் அடோபி வெளியிட்ட டி.என்.ஜி வடிவம் இதைத்தான் செய்கிறது. கருமட்டம், வெண்மட்டம், வடிகட்டிகளின் வரிசை, நிறமாற்று அட்டவணைகள் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். அதன் விவரக்குறிப்பு பொதுவில் கிடைக்கிறது. பயன்படுத்தக் கட்டணமும் இல்லை.

பழைய மென்பொருளோடு வேலை செய்பவருக்கு இதன் பயன் நேரடியானது. அடோபியின் இலவச டி.என்.ஜி மாற்றி, புதிய கமராக்களுக்காகத் தொடர்ந்து இற்றைப்படுத்தப்படுகிறது. அது புதிய கமராவின் மூலக்கோப்பை அவிழ்த்து, எண்களையும் அளவுக் குறிப்புகளையும் டி.என்.ஜியாக எழுதித் தரும். அந்தக் கமராவின் பெயரையே கேள்விப்பட்டிராத போட்டோஷொப் சி.எஸ்.6 அதைத் திறந்துவிடும். பெயரைத் தேடவேண்டிய தேவையே அதற்கு இல்லை.

கவனிக்கவேண்டியவை சில உண்டு. மாற்றியின் விருப்பத்தேர்வுகளில், எந்தப் பதிப்பிலிருந்து மேலே உள்ள மென்பொருள்கள் திறக்கவேண்டும் என்று கேட்கும் ஓர் இடம் இருக்கிறது. சி.எஸ்.6உடன் வந்தது, மூலக்கோப்பைத் திறக்கும் அதன் இணைநிரலான கமரா ரோவின் 7.0 பதிப்பு; அதை இற்றைப்படுத்தாமல் வைத்திருப்பவர் 6.6ஐத் தெரிவுசெய்தால் சரி. இதைக் கவனிக்காமல் புதிய பதிப்புக்கு எழுதிவிட்டு, டி.என்.ஜியும் திறக்கவில்லை என்று கைவிடுபவர்கள் பலர். அடுத்தது, இப்போதைய மாற்றி விண்டோஸ் 7 கணினியில் ஏறாது. வீட்டில் பிள்ளையின் புதிய மடிக்கணினி இருந்தால் அதில் மாற்றிக்கொண்டு, திருத்தும் வேலையைப் பழைய கணினியில் செய்யலாம். மூன்றாவது, கோப்பில் இழப்புடன் சுருக்கும் தெரிவைத் தொடவேண்டாம். அதைத் தெரிவுசெய்தால் அளந்த எண்கள் அப்படியே மிஞ்சா.

இன்னொரு வழி, கமராத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள். கெனனும் நிக்கோனும் அதை இலவசமாகவே தருகின்றன. கமராவின் நிறம் அதில் தயாரிப்பாளர் நினைத்தபடியே வரும். அதிலிருந்து 16 பிட் டிஃப்பாக எழுதி, போட்டோஷொப்புக்குக் கொண்டுபோகலாம். இதற்குக் கொடுக்கும் விலை, வட்டில் பிடிக்கும் இடம். 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று பெருக்கினால் ஒரு படத்துக்கு 144 மெகாபைட். சுருக்காத 14 பிட் மூலக்கோப்புக்கே 42 மெகாபைட்தான் தேவை. ஆயிரம் படம் எடுக்கும் கல்யாணத்துக்கு இது கட்டாது. அல்பத்தின் முகப்புப் படங்களுக்கு மட்டும் பொருந்தும்.

டி.என்.ஜியாக மாற்றிய பிறகு அசல் மூலக்கோப்பை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். அழிக்காதிருப்பதே நல்லது. குவியப்புள்ளி எங்கே விழுந்தது என்பது போன்ற தயாரிப்பாளரின் தனிக்குறிப்புகளைப் பிற மென்பொருள்கள் முழுதாகப் புரிந்துகொள்வதில்லை. தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள் மாற்றிய டி.என்.ஜியைத் திறக்காமல் போகலாம். கெனனின் மென்பொருள் திறப்பதில்லை. டி.என்.ஜியும் மாறாத ஒன்றல்ல. 2023இல் வந்த அதன் 1.7 பதிப்பு ஜேபெக் எக்ஸ்.எல் என்ற புதிய சுருக்க முறையைச் சேர்த்துக்கொண்டது. அப்படி எழுதிய கோப்பைப் பழைய மென்பொருளால் அவிழ்க்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு: அங்கே என்ன மாறியது என்பது எல்லோரும் படிக்கும் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. யாரும் மூடியைப் போட்டுப் படம் பிடித்துத் துப்புத் துலக்கவேண்டியதில்லை.

இருபது வருடம் கழித்துத் திறப்பவர்

இந்தச் சிக்கலை வெறும் ஸ்டூடியோச் சிக்கலாகப் பார்ப்பது போதாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிண்ணியாவைக் கடுமையாகத் தாக்கியது, டிஜிட்டல் கமராக்கள் பரவத் தொடங்கியிருந்த காலத்தில். கெனனின் சி.ஆர்.2 வடிவம் வந்ததும் அதே வருடந்தான். அந்த நாட்களில் யாராவது சி.ஆர்.2இல் பதிந்து வைத்த கோப்பு கிடைத்தால் இன்றைக்கும் அதைத் திறக்கலாம். திறக்க முடிவதற்குக் காரணம் அந்தக் கோப்பல்ல. அதன் அளவுக் குறிப்புகளை டிசிரோவும் அதன் வழிவந்த நிரல்களும் வெளிப்படையாக எழுதிவைத்து, இன்றுவரை கைமாற்றி வருவதே காரணம்.

ஆவணக் காப்பாளர்கள் இதை நன்கு அறிவார்கள். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை உலகெங்கும் எண்ணிமப்படுத்த உதவும் பிரித்தானிய நூலகத்தின் திட்டம், பாதுகாப்புப் பிரதிகளை டிஃப் வடிவத்தில் கேட்கிறது. பழைய வடிவமென்றாலும் அதன் விவரம் எல்லோரிடமும் இருக்கிறது. 2005 முதல் இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளுக்கு நம் ஊர்ப் படங்களைக் கொடுக்க நினைப்பவர்களும், கொடுக்குமுன் எந்த வடிவத்தில் என்று யோசிப்பது பயன் தரும்.

இவ்வளவு சுற்றுக்கும் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது. லைக்காவும் பென்டக்ஸும் பல வருடங்களாகவே கமராவுக்குள் நேரடியாக டி.என்.ஜி எழுதுகின்றன. அண்ட்ராய்ட் இயங்குதளம் 2014 முதல் கைத்தொலைபேசிகளிலும் அதற்கு வழிசெய்துவிட்டது. இலட்சக்கணக்கில் விலை போகும் கமராவின் மூலக்கோப்பைத் திறக்காத பழைய மென்பொருள், சில வேளை கைத்தொலைபேசியின் மூலக்கோப்பைத் திறந்துவிடும் வேடிக்கை இதனால்தான். கருமட்டமும் வெண்மட்டமும் நிறமாற்று எண்களும் சேர்ந்து ஒரு கோப்பில் பிடிக்கும் இடம் சில நூறு பைட். கமராவை உருவாக்கியவர்களுக்கு அவை முதல் நாளிலிருந்தே தெரியும். அவற்றைப் பொதுவான முறையில் எழுதித் தருவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. கேட்கும் வாடிக்கையாளர்தான் குறைவு. கமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், எத்தனை வில்லை என்று கேட்கிறோம். இதன் மூலக்கோப்பை என்னிடமுள்ள மென்பொருள் திறக்குமா, அதன் விவரம் வெளிப்படையாக இருக்கிறதா என்பதையும் கடையில் நின்றே கேட்கப் பழகவேண்டும். ஒரு கோப்பைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக் கணினியில் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு காசைக் கட்டலாம்.